கடிக்காத கொசு

கேள்வி: பிடோக் நீர்த்தேக்கத்துக்கு எதிரே எங்கள் வீடு. அந்தி சாய்ந்தால் கொசு மாதிரி பூச்சிகள் சுவரெல்லாம் அப்பிக்கொள்கின்றன. புகை அடித்தாலும் மறுநாளே ஆஜர். என்னதான் செய்வது?
- ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அது கடிக்காது! மிட்ஜ் என்று பெயர். முகச்சாயல்தான் கொசு, ரத்தம் உறிஞ்சும் ஊசி கிடையாது. ஆயுளே சில நாள். அதற்குள் ஜோடி தேடி, முட்டையிட்டு முடிக்க வேண்டும். பாவம், நடுவில் உங்கள் டியூப்லைட் இழுத்துவிடுகிறது.

புகைக்குச் சாவது பறப்பவை மட்டுமே. பிறந்த வீடு தண்ணீருக்கடியில் பத்திரமாக இருக்கிறது. அடிச்சேற்றை ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தட்டில் கரைத்தால், செக்கச்செவேலென்று மிட்ஜின் புழுக்கள் நெளியும். மீன்தொட்டிக் கடைகளில் ‘ரத்தப்புழு’ என்று விற்பார்களே, அதே இனம். நம் ரத்தத்தைப் போல அதனிடமும் ஹீமோகுளோபின் உண்டு. அதனால்தான் மூச்சுமுட்டும் சேற்றிலும் பிழைக்கிறது.

ஆகவே புழுவைப் பிடிக்க வேண்டும். பிடோக்கிலும் பாண்டானிலும் பொதுப் பயனீட்டுக் கழகம் ‘பிடிஐ’ என்ற பாக்டீரியா மருந்தைத் தண்ணீரில் இட்டது இதற்காகவே. புழுவின் குடலைக் கெடுக்கும், மீனுக்குத் தீங்கில்லை. எனக்கோ, புழு தின்னும் மீன்கள் மேல் இன்னும் பிரியம். அவை சம்பளமில்லாமல் இரவு பகலாக உழைக்கும். கழிவும் உரமும் கலந்து பாசி பெருகினால் மட்டும் மீனாலும் முடியாது. புழுவுக்கு அது கல்யாண விருந்து.

நீங்கள் அந்திக்கு முன்பே ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, பால்கனி விளக்கை அணையுங்கள். சுவரில் நசுக்காதீர்கள், கறை படியும். வேக்யூம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள்.