கணக்கிடைக் கால இயல்: பொத்துவில் நோக்கில் ஓர் ஆய்வு

ஒருவர் தம்முடைய ஒரு கணக்கிலிருந்து தம்முடைய இன்னொரு கணக்குக்கு மாதந்தோறும் காசு தானாகப் போகும்படி வங்கிக்கு எழுதிக் கொடுப்பது நிலையான கட்டளை. கிழக்கிலங்கையின் பொத்துவில் கடைத்தெருவில் அதற்கு ஸ்டேண்டிங் ஓடர் என்று பெயர். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள். கடனும் இல்லை, சாட்சியும் வேண்டியதில்லை. இருந்தும் அந்த ஒரே ஆளுக்குள் மாதம் ஒருமுறை பிணக்கு வருகிறது. எத்தனையாம் திகதி அனுப்புவது என்பதே பிணக்கின் வேர். அந்த வினாவை ஆராயும் துறையை, இதைவிட நல்ல பெயர் கிடைக்கும் வரை, கணக்கிடைக் கால இயல் எனலாம்.

துறைக்கு வேண்டிய கணக்குகள் இரண்டே. முதலாவது வரவுக் கணக்கு. சம்பளம் விழுவது அதில்; காட் உண்டு; அதன் மீதியை வீட்டில் எல்லோரும் ஏறத்தாழ அறிவர். இரண்டாவது தொடாக் கணக்கு. வீட்டுக்கு மேல்மாடி போட, மகளின் கலியாணத்துக்கு, ஹஜ்ஜுக்கு என்று நிய்யத்துச் சொல்லித் திறப்பது. அதற்குக் காட் எடுப்பதில்லை. அதன் பாஸ் புத்தகம் அலுமாரியில் மடித்து வைத்த உடுப்புக்கு அடியில் கிடக்கும்.

திகதி பற்றிய மிகப் பழைய கொள்கை வட்டிக் கொள்கை. தொடாக் கணக்குக்கு ஒரு நாள் முந்திப் போகும் காசு ஒரு நாள் கூடுதலாக வட்டி ஈட்டும் என்பது அதன் சாரம். கடல் கடந்து தமிழ்நாட்டில் இதற்கு ஒரு காலம் மெய்யான வலு இருந்தது. இந்திய வங்கிகள் மாதத்தின் 10 ஆம் திகதிக்கும் கடைசித் திகதிக்கும் இடையில் கணக்கில் இருந்த ஆகக் குறைந்த மீதிக்கே சேமிப்பு வட்டி கொடுத்துவந்தன. 11 ஆம் திகதி போட்டவருக்கு அந்த மாதம் அந்தக் காசுக்கு ஒன்றும் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை நாளாந்த மீதிக்கு மாற்றியது. அங்குள்ள பொதுச் சேமநல நிதியில் 5 ஆம் திகதிக்குள் போட வேண்டும் என்ற கோடு இன்னும் அப்படியே நிற்கிறது. ஆகவே அங்கே மாதப் பிறப்பில் நெஞ்சு படபடப்போர் இன்றும் உண்டு.

இலங்கையில் சேமிப்பு வட்டி நாளாந்த மீதிக்கே கணிக்கப்படுவதால் கொள்கையைக் காசாகவே எடைபோடலாம். 50,000 ரூபாவுக்கு ஆண்டு வட்டி 3 சதவீதம் என்று கொண்டால் ஒரு நாளின் பெறுமதி 4 ரூபா 11 சதம். மூன்று நாள் முந்தி அனுப்பியவருக்கு 12 ரூபா 33 சதம் கிடைக்கும். 2025 ஏப்ரல் முதல் பிடிக்கப்படும் 10 சதவீத வரி போக மிஞ்சுவது 11 ரூபா 10 சதம். பொத்துவில் பஸ் நிலையத்தடியில் இதற்கு ஒரு பிளேன்டீ தர எந்தக் கடைக்காரரும் உடன்படார். 2022 இல் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றிய பிறகு நிலையான வைப்புகளுக்கு 20 சதவீதத்துக்கு மேலும் வட்டி கொடுபட்டது. அந்த வீதத்தில் அதே மூன்று நாளின் பெறுமதி 82 ரூபா. ஆனால் அந்த ஆண்டு பிளேன்டீயும் சும்மா இருக்கவில்லை.

பொத்துவிலில் இக்கொள்கைக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. வட்டியை ஹராம் என்று ஒதுக்குவோர், வந்து விழுந்த வட்டியைக் கணக்குப் பார்த்து எடுத்து, நன்மையை எதிர்பாராமல் பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அத்தகையவர் மூன்று நாள் முந்தினால் லாபம் தெருவோரப் பொதுக் கழிப்பறைக்குத்தான். முளாறபா முறையில் இலாபப் பங்கு தரும் கணக்கு வைத்திருப்பவருக்கும் மீதி தங்கிய நாட்கள் கணக்கில் சேரும். ஆனால் பங்கின் அளவு முன்கூட்டித் தெரியாது. தெரியாத ஒன்றின் மூன்று நாளைக் கணிக்க இத்துறையிடம் இன்னும் சூத்திரம் இல்லை.

ஆகவே திகதியைத் தீர்மானிப்பது வட்டி என்பது நிலைக்காது. அதைத் தீர்மானிப்பது கை. சம்பளம் விழுந்த நேரத்துக்கும் கட்டளை ஓடும் நேரத்துக்கும் இடையில் அந்தக் கை விழித்திருக்கும் காலத்தை இடைவெளி எனலாம். இடைவெளியில் பலசரக்குக் கடைக் கொப்பி தீர்க்கப்படும், சீட்டுக் காசு போகும், மச்சான் ஒருவர் அவசரமாக ஐயாயிரம் கேட்பார். கட்டளை ஓடும்போது கணக்கில் காசு போதாவிட்டால் சில வங்கிகள் அடுத்தடுத்த நாட்களில் மீண்டும் முயலும். சில அந்த மாதத்தைக் கைவிட்டுவிடும். அதற்கென்று அறவிடும் கட்டணம், மேலே கண்ட 11 ரூபாவை வெட்கப்பட வைக்கும்.

இடைவெளியின் இயல்பை அறியச் சம்பளத் திகதியைப் பார்க்க வேண்டும். அரசாங்க உத்தியோகத்தருக்குச் சம்பளம் 25 ஆம் திகதியை ஒட்டி வரும். எச்சரிக்கையுள்ளவர் கட்டளையை 26 க்கு வைப்பார். இவ்விடத்தில்தான் துறையின் முதல் விதி வெளிப்படுகிறது: விடுமுறை குறுக்கிட்டால் சம்பளம் முந்தும், கட்டளை பிந்தும். 25 சனிக்கிழமை என்றால் சம்பளம் வெள்ளியே வந்துவிடும். 26 ஞாயிறு ஆகையால் வேறு வங்கிக்குப் போகவேண்டிய கட்டளை திங்கள் வரை காத்திருக்கும். ஒரு நாள் இடைவெளி மூன்று நாளாகிறது. அதுவும் பெரிய சந்தைக்கும் விருந்துக்கும் உரிய மூன்று நாள்.

பாடநூலுக்குத் தகுந்த உதாரணம் 2023 டிசம்பர். 23 சனி, 24 ஞாயிறு, 25 திங்கள் நத்தார், 26 செவ்வாய் உந்துவப் போயா. வங்கிகள் நான்கு நாள் தொடர்ந்து பூட்டு. வழக்கப்படி சம்பளம் 22 வெள்ளிக்குள் வந்திருக்கும். 26 க்கு வைத்த கட்டளை 27 புதன்தான் ஓடும். கரையில் அது வாடைக்காற்றும் மழையும் உள்ள காலம். கடலுக்குப் போக வழியில்லை, பக்கத்து அறுகம் குடாவில் அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரரும் இல்லை, எல்லோரும் வீட்டில். கையில் போன். இடைவெளிக்கு இதைவிடச் சாதகமான சூழலை ஆய்வுகூடத்தில்கூட உண்டாக்க முடியாது.

விதிக்கு மறுபக்கமும் உண்டு. 2023 ஜனவரியில் திறைசேரியில் காசுத் தட்டுப்பாடு ஏற்பட்டு, நிறைவேற்றுத் தர உத்தியோகத்தரின் சம்பளத்தைச் சில நாள் தள்ளிக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. 26 க்குக் கட்டளை வைத்திருந்தவருக்கு அம்மாதம் இடைவெளி எதிர்க்கணியமானது. சம்பளத்துக்கு முந்தி ஓடுகிறது கட்டளை, எடுக்க ஒன்றுமில்லை.

மாதந்தோறும் பெரும்பாலும் ஒரு வேலைநாளைத் தின்னும் போயாவைப் பொத்துவிலில் நாட்காட்டி இல்லாமலே சொல்லலாம். பிறை கணக்கு வைத்திருப்பவருக்கு முழுமதி ஏறத்தாழ 13 க்கும் 15 க்கும் இடையில் என்பது மனப்பாடம். அந்நாட்களில் சுன்னத்து நோன்பு பிடிப்பவர் வீட்டில் பசியோடிருக்க, வங்கியும் கதவடைத்திருக்கும். ஆனால் கட்டளைக்கு ஆங்கிலத் திகதி மட்டுமே தெரியும். பெருநாள் ஆண்டுக்கு 10, 11 நாள் முந்தி முந்தி வருவதும், அதன் உடுப்புச் செலவு இந்த ஆண்டு சம்பளத்துக்கு முன், சில ஆண்டுகள் கழித்துச் சம்பளத்துக்குப் பின் என்று இடம் மாறுவதும் அதற்குத் தெரியாது.

கட்டளை சரியாக ஓடினாலும் ஆய்வு முடிவதில்லை. போன காசு திரும்பி வருகிறது. மீள்வரவு எனப்படும் இந்நிகழ்வை முன்பு தூரம் தடுத்துவந்தது. தொடாக் கணக்கை அக்கரைப்பற்றில் வைத்தவர், அதைத் தொட வேண்டுமானால் கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில் என்று ஏறத்தாழ 45 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, பாஸ் புத்தகத்தை நீட்ட வேண்டும். அதற்குள் பாதி ஆசை ஆறிவிடும். வங்கிகளுக்கிடையே மொத்தமாகக் காசு அனுப்பும் ஸ்லிப்ஸ் முறை 1993 இல் வந்தது, 2010 இல் அன்றைக்கன்றே சேரும்படி ஆனது. அது வேலைநாளில் மட்டும் ஓடுவதால் இந்தத் தூரப் பூட்டுக்குப் பெரிய பங்கமில்லை. காசை உடனுக்குடன் அனுப்பும், 2015 இல் வந்த செப்ட்ஸ் முறைதான் பூட்டை உடைத்தது. இரவு பகல், போயா, பெருநாள் எதுவும் அதற்குக் கிடையாது. இஷாத் தொழுகை முடிந்து தேநீர்க் கடையில் குந்தியிருப்பவர், புதுப் போனின் விலை காதில் விழுந்த அடுத்த நிமிடமே ஆப்பைத் திறந்து, தொடாக் கணக்கைத் தொட்டுவிடலாம். பிளேன்டீ ஆறுவதற்குள் எஸ்எம்எஸ் வரும். கட்டளை 26 ஆம் திகதி செய்ததைக் கை அடுத்த மாதம் 9 ஆம் திகதி கலைக்கிறது. இதற்கு அறிஞர் காணும் ஒரே பரிகாரம், தொடாக் கணக்குக்கு ஆப் எடுக்காமல் விடுவது, அதாவது 45 கிலோமீட்டரைச் செயற்கையாக மீட்பது.

மாதச் சம்பளம் இல்லாதோருக்கு இவ்வியல் ஓரளவே பொருந்தும். ஓய்வூதியருக்கு 10 ஆம் திகதி நிச்சயம். ஆனால் அறுகம் குடாவில் அறை வாடகைக்கு விடுபவருக்கு அலை எழும் மே முதல் செப்டெம்பர் வரையே மாதங்கள் உண்டு. வேளாண்மை செய்பவருக்குப் பெரும்போக வெட்டும் சிறுபோக வெட்டுமாக ஆண்டுக்கு இரண்டே மாதம். இவர்கள் கட்டளை எழுதினால் நவம்பரில் வெறுங்கணக்கின் கதவை அது தட்டும். நெல் விற்ற அன்றே கையால் போடுவதே இவர்களிடம் காணப்படும் முறை. தானியங்கி அல்ல என்பதால் அது தனி ஆய்வுக்குரியது.

கடைசியாக ஒரு எல்லைச் சிக்கல். பிள்ளையின் பேரில் திறந்த சிறுவர் கணக்கைச் சொந்தக் கணக்காகக் கொள்ளலாமா? காசு போடுவது பெற்றோர், பெயர் பிள்ளையுடையது. பொதுவாக 18 வயது நிறையும் வரை எடுக்க முடியாது. படிப்பு, மருத்துவம் போன்ற தேவைக்கு மட்டும் விலக்கு. மீள்வரவு நிகழாத கணக்கு இது ஒன்றே. ஆகவே 24 க்கு வைத்தாலும் 27 க்கு வைத்தாலும் ஒன்றுதான். பிள்ளைக்கு 18 நிறையும் நாளில் அது வேறொருவரின் வரவுக் கணக்காகிறது. காட் வரும், ஆப் வரும், புதுப் போனின் விலை காதில் விழும்.