மருமவனே, எதையும் கேட்டுடாதே!

வா மருமவனே! மாவுக் கம்பெனி முதலாளி ஆயிட்டியாமே. பாக்கெட்டைப் பாத்தேன். பச்சை வயலு, தலைப்பாக் கட்டுன கிழவன், கீழே "உழவர் கையிலிருந்து உங்கள் அடுப்படிக்கு"ன்னு எழுத்து. கிழவனுக்கு முப்பத்திரண்டு பல்லும் பளபளங்குது. மன்னார்குடி சுத்துவட்டாரத்துல அப்படி ஒரு உழவனை நான் இன்னும் பாக்கலை. அது கெடக்கட்டும்.

உன் மாவை வாங்குற வெளிநாட்டுக்காரன் ஃபாரம் அனுப்பி, அரிசி எங்கேருந்து வருது, யாரு வயித்துல அடிச்சு வருதுன்னு கேக்குறானாமே? இதுக்கா மூஞ்சி வாடிப் போச்சு? மாமன் இருக்கேன்.

முதல் பாடம்: தரகன்கிட்ட விலையைத் தவிர ஒண்ணும் கேக்காதே. நெல்லைப் பச்சரிசியா அரைச்சா குருணை விழத்தான் செய்யும். சர்க்காருக்கு அரைக்கிற பச்சரிசியிலயே நூத்துக்கு 25 வரைக்கும் ஒத்துக்கிட்டு வந்தாங்க. அந்தக் குருணையை மாவாக்குறது தப்பே இல்லை. ஆனா ஊர் உலகத்துல இல்லாத விலைக்கு ஒருத்தன் நடுராத்திரியில லாரியோட வந்து நின்னா, "2011லேருந்து ரேஷன்ல சும்மா குடுக்குற அரிசி இல்லையே இது?"ன்னு வாய்தவறிக்கூடக் கேட்டுடாதே. சாக்கு மாத்தி, பாலீஷ் போட்டு, புதுமாப்பிள்ளையாட்டம் வந்திருக்கும். மாவா அரைச்சுட்டா எந்தக் கடை அரிசின்னு யாருக்குத் தெரியும்? அப்படியே மாட்டுனாலும் 1955ஆம் வருஷத்து அத்தியாவசியப் பொருள் சட்டம் பாக்கெட்டுல சிரிக்கிற கிழவனைத்தானே புடிச்சுட்டுப் போகும்!

மில்லுக்குப் போனா ஆபீஸ் ரூம்ல காபியைக் குடிச்சுட்டுத் திரும்பிடு. பின்பக்கக் களத்துக்குப் போகாதே. அங்க ஒரு குடும்பம் வெயில்ல நெல்லைத் துழாவிக்கிட்டு நிக்கும். முன்பணம் எவ்வளவு, எப்பக் கழியும், பொங்கலுக்கு ஊருக்கு விடுவாங்களான்னு கேட்டேன்னு வை, பதிலையும் கேட்டாகணும். கொத்தடிமையை 1976லயே சட்டம் போட்டு ஒழிச்சாச்சு. அதுக்கப்புறமும் செங்குன்றம், காஞ்சிபுரம் பக்கத்து அரிசி ஆலைகள்லேருந்து குடும்பம் குடும்பமா மீட்டாங்கன்னு பேப்பர்ல வந்தது. உனக்குத்தான் பேப்பர் படிக்க நேரம் இல்லையே.

பாரம்பரிய ரகமும் போடப்போறியாமே? நெல் ஜெயராமன் ஊரூரா அலைஞ்சு 174 ரகத்தை மீட்டு வெச்சுட்டு 2018ல கண்ணை மூடுனாரு. நீ மாப்பிள்ளைச் சம்பாவுல ஒரு பிடி எடுத்துத் தூவிட்டு, பேரை மட்டும் கொட்டை எழுத்துல போட்டுக்க.

இப்ப விலைக்கு வருவோம். "மார்க்கெட் விலைதான் மாமா குடுக்குறேன்"னு நெஞ்சை நிமித்துறே. அந்த விலை எப்படிப் பொறக்குதுன்னு தெரியுமா? அறுப்பு நேரத்துல மழை கொட்டும். நெல்லுல ஈரம் நூத்துக்கு 17க்கு மேல காட்டுனா, சர்க்காரு தளர்த்துனாலொழிய கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க. தார்ரோட்டுல கொட்டிக் கிளறிக்கிட்டு நிப்போம். நடவாளுக்கும் உரக்கடைக்கும் பாக்கி நிக்கும். அன்னைக்குன்னு பாத்து வியாபாரி சிரிச்ச முகமா வண்டியோட வருவான். அவன் வாயிலேருந்து விழுறதுதான் உன்னோட மார்க்கெட் விலை. அதுல யாரும் யாரையும் ஏமாத்தலை. மழைதான் ஏமாத்துச்சு. ஃபாரத்துல அப்படியே எழுதிக்க.

என்கிட்ட நேரா வாங்கிக்கிறேங்கிறே, சந்தோஷம். ஆனா உங்க கம்பெனித் தவணை 90 நாளாம், செக்கு கைக்கு வர 120 ஆகுமாம். ஆடுதுறை 43ஐ விதைச்சு அறுக்கவே 110 நாள்தான்டா! உன் செக்கை எதிர்பாத்து நான் நாத்து விட்டா, செக்குக்கு முன்னாடி கதிரு வந்துடும்.

உங்கம்மா மொகத்துக்காக அம்பது மூட்டை தர்றேன். நடவுக்கு முன்னாடி பாதிப் பணம், அறுத்த அன்னைக்கு மீதி. உன் மில்லுத் தராசு வேணாம், கடைத்தெரு எடைமேடையிலயே போட்டுக்குவோம். எடைக்கூலி உன்னோடது.