போயிட்டு வாரேன்

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. எவனோ 'இதான் கடைசிக் கச்சேரி'ன்னானாம். நீயும் மூவாயிரம் ரூவாயைக் கொட்டிட்டு, ராத்திரி பூரா நின்னு கண்ணைக் கசக்கிட்டு வந்திருக்க. அடுத்த வருசமும் அவனுக்குக் கடைசிக் கச்சேரி உண்டுடே. இப்பமே காசு சேத்து வையி.

வீட்டுக்கு வந்த விருந்தாளி எப்படிக் கிளம்புவாரு? துண்டை உதறித் தோள்ல போடுவாரு. செருப்பை மாட்டுவாரு. "அப்பம் நா போயிட்டு வாரேன்"னு சொல்லிட்டு வாசப்படியில நின்னு ஒரு மணி நேரம் பேசுவாரு. உள்ள பேசினதை விட அதுதான் ருசியா இருக்கும். ஐரோப்பாவுல பியானோ வாசிச்ச பெரிய மனுசங்க கதையும் இதேதான்.

பிரான்ஸ் லிஸ்ட்னு ஒருத்தரு. ஹங்கேரிக்காரரு. 1839லேருந்து எட்டு வருசம், லிஸ்பன் எங்க, கான்ஸ்டாண்டிநோபிள் எங்க, வண்டி கட்டிக்கிட்டுச் சுத்துனாரு. பெர்லின்ல பத்தே வாரத்துல 21 கச்சேரி. ஊரை விட்டுக் கிளம்பையில ஆறு வெள்ளைக்குதிரை பூட்டின வண்டி! மேடையில பியானோவைப் பக்கவாட்டுல திருப்பிப் போட்டுக்கிடுவாரு. என்னத்துக்கு? மூக்கும் முடியும் சனங்களுக்கு நல்லாத் தெரியணும்லா.

அவர் கையுறைக்குப் பொம்பளையாளுக அடிச்சுக்கிட்டாக. அவர் பிடிச்சுப் போட்ட சுருட்டுத் துண்டை ஒரு சீமாட்டி பொறுக்கி, லாக்கெட்டுக்குள்ள வச்சு, மேல வைரத்துல அவர் பேரெழுத்தைப் பதிச்சுக் கழுத்துல போட்டுக்கிட்டான்னு ஒரு கதை உண்டு. எச்சிச் சுருட்டுக்கு வைரமாலே? நான் திண்ணையில சுருட்டை வச்சாலே உங்க ஆச்சி வெளக்குமாத்தைத் தேடுவா. ஹைனேங்கிற கவிஞரு 1844ல இந்தக் கிறுக்குக்கு 'லிஸ்டோமேனியா'ன்னு பேரே வச்சுட்டாரு.

இம்புட்டுக் கூத்துக் கட்டின ஆளு எப்படிப் போனாரு தெரியுமா? 1847 செப்டம்பர். உக்ரைன்ல எலிசவெத்கிராத்னு ஒரு ஊரு. வாசிச்சாரு, எந்திரிச்சாரு. வயசு 35. அதுக்குப் பொறவு காசு வாங்கிக்கிட்டு மேடை ஏறவே இல்ல. வைமர்ல போயி உக்காந்து இசை எழுதுனாரு. தேடி வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாரு, அதுக்கும் ஒத்தைக் காசு வாங்கல. நோட்டீசு கீட்டீசு எதுவும் கெடையாது.

அடுத்தவரு அன்டன் ரூபின்ஸ்டீன். ரஷ்யாக்காரரு. 1872ல அமெரிக்காவுக்குப் போயி 239 நாள்ல 215 கச்சேரி. பஞ்சு மில்லுல மூணு ஷிப்டு பாக்குறவன்கூட அப்படி உழைச்சிருக்க மாட்டான். ஒரு கச்சேரிக்கு 200 டாலர், அதுவும் தங்கமாத்தான் வேணும்னுட்டாரு. கடுதாசு நோட்டை நம்பல பாரு, அவர் கலைஞரா, சம்சாரியா? அந்தக் காசுல பீட்டர்ஹாஃப்ல வீடும் வாங்குனாரு.

1885ல அவரும் தோள்ல துண்டைப் போட்டாரு. பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ, வியன்னா, பெர்லின், பாரிஸ், லண்டன்னு ஊருக்கு ஏழு கச்சேரி. பழைய இங்கிலீஸ்காரங்க இசையிலேருந்து தன் காலத்து ரஷ்யாக்காரங்க இசை வரைக்கும் வாசிச்சுக் காட்டுனாரு. ரெண்டாவது கச்சேரியில பீத்தோவனோட சொனாட்டா மட்டும் எட்டு, ஒரே மூச்சுல! கேக்க உக்காந்தவனுக்கே முதுகு விட்டுப் போயிருக்கும்.

இதுல நான் சிரிக்காத இடம் ஒண்ணு உண்டு. அத்தனையும் மனப்பாடம்டே. அம்பது வயசுக்கு மேல தனக்கு ஞாபகம் பிசகுதுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. மேடையில உக்காரும்போதெல்லாம் எங்க மறந்துருமோன்னு உள்ளுக்குள்ள பதறுமாம். அந்தப் பதட்டத்தோடதான் ஏழு ஏழாத் தாண்டியிருக்காரு. முதநாள் சீமானுக்குக் காசுக்கு வாசிச்சதை மறுநாள் படிக்கிற பிள்ளைகளுக்குச் சும்மாவே திரும்ப வாசிச்சாரு. மாஸ்கோவுல அப்படிக் கேட்ட பொடியன்கள்ல, பின்னால பியானோவுல பேரெடுத்த ராக்மனினாஃபும் ஒருத்தன். 13 வயசு நெறையல.

சரி, அதோட போயிட்டாராக்கும்? எங்க போனாரு! தர்மக் கச்சேரி, தர்மக் கச்சேரின்னு 1890கள்லயும் வாசப்படியிலேயே நின்னாரு.

நம்ம லிஸ்ட்டை விட்டுட்டோமே. வருசம் 1886. 74 வயசு, கண்ணு மங்கிப் போச்சு, காலு வீங்கிக் கெடக்கு. ஜூலை 19, லக்சம்பர்க்ல ஒரு கச்சேரிக்குப் போனவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாக. போயி உக்காந்தாரு. மூணு உருப்படி வாசிச்சுட்டு எந்திரிச்சாரு. பன்னெண்டாம் நாளு பாய்ராய்த்துல காலமாயிட்டாரு. தான் கேட்டதுதான் கடைசின்னு அங்கன இருந்தவன் ஒருத்தனுக்கும் அன்னைக்குத் தெரியாது.

உன் டிக்கெட்டு எங்கலே? கிழிச்சுப் போட்டுறாத. பழைய டிக்கெட்டு வச்சிருக்கவனுக்கு அடுத்த வருசம் நூறு ரூவா தள்ளுவான்.