பரணில் கிடக்கும் செட்டியாருக்குப் புது வேலை

புரட்டாசி பிறந்ததும் கொலுப் பொம்மைகளை இறக்கப் பரணில் ஏறிவிட வேண்டும். மகாளய அமாவாசைக்கு முந்தின ராத்திரி ஏறுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பால் பயனில்லை. அவர்கள் கடைக்குப் போய்ப் புது பொம்மை வாங்கிக்கொள்வது நல்லது. மதுரையில் கீழக்குயில்குடிப் பக்கம் வீடு கட்டி வந்தவர்களுக்கு அதிலும் சிரமம் கிடையாது. பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. வேளார் வீடுகளில் ஆவணிக்குப் பிள்ளையார், புரட்டாசிக்குக் கொலு, மார்கழிக்குக் கிறிஸ்துமஸ் குடில் என்று வருஷம் முழுக்க மண்ணும் காகிதக்கூழும் வேலையில் இருக்கும். இத்தனை தேர்ந்த கைகள் அருகில் இருக்கும்போது நீங்கள் ஏன் பிரஷ் எடுக்க வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். "ஹாபி" என்று சொல்லுங்கள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

பொம்மையை இறக்கியதும் அடிப்பாகத்தை விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் சுட்ட மண். மொத்தென்றால் காகிதக்கூழ் அல்லது பிளாஸ்டர் ஆப் பாரிஸ். சுட்ட மண்ணை ஈரத்துணியால் துடைக்கலாம். கூழ் பொம்மைக்குக் காய்ந்த துணியும் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷும்தான். ஆர்வக் கோளாறில் கூழ்க் கிருஷ்ணரைக் குழாயடியில் காட்டினால் தண்ணீரைக் குடித்து ஊதி, மறுநாள் காலையில் குபேரராக எழுந்திருப்பார். பதற வேண்டாம். நாம் செய்யப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

பெயர்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். விரிசலுக்குச் சாக்பீஸ் பொடியை ஃபெவிகாலில் குழைத்து அப்பலாம். அந்தக் காலத்தில் இந்த வேலையைப் புளியங்கொட்டைப் பசை செய்தது. வாசனை பிடித்தவர்கள் அதையே காய்ச்சிக்கொள்ளட்டும். முறிந்த கைக்குத் தீக்குச்சியை எலும்பாகச் செருகி மேலே எம்சீல் பிடிக்க வேண்டும். ஐந்து விரல் பிடிக்க வரவில்லையென்றால் கையில் ஒரு தாமரையையோ லட்டையோ கொடுத்து விரல்களை அதற்குள் மறைத்துவிடலாம். பிள்ளையாருக்கு இதில் கூடுதல் சலுகை உண்டு. தந்தம் உடைந்தால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் எந்தப் பக்கத் தந்தம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் போயிருந்தால் புராணத்தில் ஆதாரம் கிடைக்காது.

அடுத்தது வெள்ளை. இதை அடிக்காமல் நேரே நிறம் ஏற்றினால் பழைய ஆள் உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பார். ஒரு பூச்சு காய்ந்தபின் இன்னொன்று. காயவைப்பது நிழலில், மொட்டை மாடி வெயிலில் வைத்தால் மேல்பூச்சு வெடிக்கும். நிறத்துக்கு அக்ரிலிக் போதும். வீட்டு கேட்டுக்கு அடித்த எனாமல் அரை டப்பா மிச்சமிருக்கிறதே என்று கை நீளும். அடக்குங்கள். சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக் குளத்தை ஒட்டிய அய்யனார் கோயிலில் முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாய் நிற்கிறவர்களுக்கு அந்தப் பளபளப்பு தகும். வெயிலும் மழையும் தாங்க வேண்டியவர்கள் அவர்கள். முக்கால் அடி ராதைக்கு எனாமல் பூசினால், சித்திரை மாதத்து உச்சி வெயிலில் பெரியார் பஸ் நிலையத்தில் நின்று வேர்த்தவள் போல இருப்பாள்.

இனிதான் ஹாபி ஆரம்பிக்கிறது. இதுவரை செய்தது பழுதுபார்ப்பு, இனி ஆள்மாறாட்டம்.

எளிதானவரிலிருந்து தொடங்குவோம். காந்தி. 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து அவர் அரையாடையோடு வெளியே வந்தார். சட்டை மடிப்பு வரையத் தெரியாதவர்களுக்கு மதுரை செய்த உபகாரம் அது. வழுக்கைத் தலையும் ஒல்லி உடம்புமாய் எந்தப் பொம்மை கையில் அகப்பட்டாலும் மேல்பாதிக்கு மாநிறம், கீழே கொஞ்சம் வெள்ளை, மெல்லிய கம்பியில் கண்ணாடி என்று முடித்துவிடலாம். கீழே விழுந்து சட்டைப் பூச்சு உதிர்ந்த குமாஸ்தா பொம்மைக்கும் இதே வழி.

காந்தியில் கை தேர்ந்தபின் பாரதிக்குப் போகலாம். தலைப்பாகை, மீசை, கறுப்புக் கோட்டு, தீர்ந்தது. 1904-இல் சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தவர் என்பதால் மதுரைக் கொலுவில் அவருக்கு உரிமை உண்டு. ஒரே எச்சரிக்கை, மீசையின் இரு நுனியும் ஒரே உயரத்துக்கு ஏற வேண்டும். சரிசெய்யச் சரிசெய்ய மீசை வளர்ந்து காதுக்குப் போய்விட்டால் பெயரை வீரபாண்டிய கட்டபொம்மன் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெண் பிள்ளை வளர்ந்து, கைவிட்ட பார்பி இருக்குமானால் அவளை ஆண்டாளாக்கலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு முகத்தைத் துடைத்தால் கம்பெனி வரைந்த கண்ணும் உதடும் போய்விடும். தலையோடு நிறுத்துங்கள், உடம்பின் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அது பட்டால் மங்கிவிடும். கூந்தலைச் சாய்ந்த கொண்டையாக முடிந்து, இடது கையில் கிளி கொடுத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. ஆண்டாள் வேண்டாம், மீனாட்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மேனிக்குப் பச்சை பூசிக் கிளியை வலது கைக்கு மாற்றுங்கள். பச்சையில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்தால்தான் மரகதம் கிடைக்கும், தனிப் பச்சை பாசி பிடித்த குளப்படி. கிளி எந்தக் கையில் என்று மறந்துவிடாதீர்கள். முகத்தை விட்டுவிட்டு நேரே கிளியைப் பார்க்கிற மதினி எல்லா வீட்டிலும் ஒருத்தி இருப்பாள்.

அழகர் ஆற்றில் இறங்கும் செட் வைத்திருப்பவர்களுக்குப் பட்டின் நிறம் பெரிய தலைவலி. வைகையில் இறங்கும்போது அவர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே கண்கொட்டாமல் பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் மழையும் விளைச்சலும், சிவப்பு என்றால் கலகம் என்பது நம்பிக்கை. அங்கே பெட்டிக்குள் கைவிட்டு எந்தப் பட்டு வருகிறதோ அதை எடுக்கிறார்கள். உங்கள் கையிலோ டப்பாவே இருக்கிறது. பேசாமல் பச்சையைத் திறங்கள். சிவப்பு பூசிவிட்டு நவராத்திரியில் மிக்சி ரிப்பேரானால் பழி யார்மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

செட்டியாருக்கு வருவோம். அரிசி, பருப்பு, வெல்லம் குவித்த கடை, தொந்தி, பக்கத்தில் ஆச்சி. ஜோடியில் ஆச்சி உடைந்துவிட்டால் செட்டியார் தனியாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பது பார்க்கச் சங்கடமாக இருக்கும். நெற்றிப் பூச்சைச் சுரண்டிக் கண்ணாடி வரைந்தால் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். மடியில் பொற்குடம் ஒட்டினால் குபேரன். தோளில் நீளச் சால்வை போர்த்தினால் சபா காரியதரிசி.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு இந்த ஊர் மலையிலேயே முன்மாதிரி இருக்கிறது. சமணர் மலைக் குகையொன்றின் முகப்பில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை, அவருடைய நீண்ட காதைப் பார்த்து, ஊர்க்காரர்கள் செட்டியாராகவே கண்டார்கள். குகைக்குச் செட்டிப்புடவு என்றே பெயர் நின்றுவிட்டது. ஒரு சொட்டு வண்ணம் செலவில்லை, உப்புத்தாள் தேய்க்கவில்லை. எல்லாவற்றையும் துறந்தவர் ஒரே பேச்சில் வியாபாரியானார். இவ்வளவு மலிவான ஆள்மாறாட்டம் வேறெங்கும் நடந்திருக்காது. நீங்களும் செட்டியாரைத் தொடாமல் மேல்படியில் தனியாக உட்காரவைத்து, "இவர் தீர்த்தங்கரர்" என்று சொல்லிப் பார்க்கலாம். முன்னால் இருக்கும் துவரம்பருப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.

எந்த ஆளாக மாற்றினாலும் கண் கடைசியில்தான். விளாச்சேரியில் கண் வைக்கிறவர்களைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். சுண்டுவிரலைப் பொம்மையின் கன்னத்தில் ஊன்றிக்கொள்வார்கள். மேலிமைக் கோடு ஒரே இழுப்பு, நடுவில் பிரஷ் நிற்பதில்லை. அப்புறம் கருவிழி. அது மேலிமையைத் தொட்டுக்கொண்டு இறங்க வேண்டும். சுற்றிலும் வெள்ளை தெரிய நடுவில் மிதந்தால் மகாலட்சுமி பேயைக் கண்டவளாகிவிடுவாள். இரண்டு கண்ணும் ஒரே புள்ளியைப் பார்க்கிறதா என்று பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துச் சரிபார்க்கலாம். நம் வீட்டில் போட்ட கண் எப்போதும் ஒன்று படியேறுகிறவரையும் மற்றது சுண்டல் கிண்ணத்தையும் பார்க்கும்.

அதனால் இந்த ஒரு கட்டத்தில் ஹாபியை ஓரமாக வைத்துவிட்டுப் பொம்மையைத் துண்டில் சுற்றி வண்டியில் வைத்து விளாச்சேரிக்குக் கிளம்புங்கள். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருண்ணே இதுக்கு வெள்ளை அடிச்சது?" என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன் என்று சொல்லிவிடுங்கள். "சரி, அங்கிட்டு வச்சிட்டுப் போங்க. கண்ணை மட்டும் நீங்க தொட்டுறாதீங்க" என்பார்கள். தொடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெயர் போட வேண்டும். சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துத் திருமேனிகளுக்குக் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. சமணத் துறவி அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்கிறது ஒன்று. உளி பிடித்தவரை அந்த வரியில் காணோம். வழக்கம் அவ்வளவு பழையது என்பதால் நீங்களும் தைரியமாகப் பொம்மையின் அடியில் உங்கள் பெயரை எழுதி, பக்கத்தில் "செய்வித்தது" என்று சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு சொல்லை மட்டும் பென்சிலில், பொடி எழுத்தில் எழுதுங்கள். தூக்கிப் பார்க்கிற மதினி வெள்ளெழுத்துக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவாள்.