எண்ணெய் படாத எஞ்சின்

1961இல் ஜெனீவாவில் அறிமுகமானபோது, ஜாகுவார் ஈ-டைப் மணிக்கு 240 கி.மீ. பறக்கும் என்றார்கள். இன்று அது பெரும்பாலும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. முன்பக்கமாகக் கவிழும் அந்த நீள பானெட்டின் கீழே, மூன்று எஸ்.யு. கார்புரேட்டர்களின் இடுக்கில், பழைய டூத் பிரஷும் பட்ஸும் சகிதமாக உரிமையாளர் குனிந்திருக்கிறார். தண்ணீர் படக்கூடாதென்று டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பிளாஸ்டிக் பை கட்டியாயிற்று. அலுமினியக் கேம் கவரில் முகம் தெரியும்வரை பாலிஷ். (வீட்டு அடுப்பைத் துடைக்கச் சொன்னால் மட்டும் இடுப்பு வலி.) ஓட்டினால் எண்ணெய் கசியும், கசிந்தால் மறுபடி துடைக்க வேண்டும், ஆகவே ஓட்டுவதில்லை. அழகுப் போட்டிக்குக்கூட டிரெய்லரில் ஏறித்தான் போகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கசிவைக் காட்டிக்கொடுக்கும் அழுக்கைத்தான் முதலில் துடைத்திருப்பார்கள்.