கொல்லிமலை கிராண்ட் பிரீ

உலகத்தில் எந்தப் பந்தயத் தடத்துக்கும் இல்லாத பெருமை கொல்லிமலைக்கு உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவு. நுழைவுச் சீட்டு கிடையாது, நடுவர் கிடையாது. தலைக்கவசம் அவரவர் விருப்பம். அதன்மேல் கேமரா மட்டும் கட்டாயம். ஞாயிறு விடிந்தால் சைலன்சரை மாற்றிய பைக்குகள் காரவள்ளி அடிவாரத்தில் உறுமத் தொடங்கும். செம்மேட்டை எத்தனை நிமிடத்தில் தொட்டாய் என்பதே அங்கே வீரத்தின் அளவு.

எதிரே வருவது யார் என்று வீரர்கள் கேட்பதில்லை. அன்னாசியும் பலாவும் ஏற்றி இறங்கும் சரக்கு வண்டி. சோளக்காட்டுச் சந்தை முடிந்து ஊர் திரும்பும் மலைவாழ் பெண்கள் நிறைந்த அரசுப் பேருந்து. பிரசவ வலியில் துடிப்பவளை நாமக்கல்லுக்கு இறக்கும் 108. இவர்களெல்லாம் தடத்தில் கிடக்கும் தடைகள். தாண்டினால் லைக், தாண்டாவிட்டால் மாலைச் செய்தியில் 'கட்டுப்பாட்டை இழந்த பைக்'. பைக்தான் கட்டுப்பாட்டை இழந்ததாம்! ஓட்டியவர் பாவம், உட்கார்ந்துதான் இருந்திருக்கிறார்.

இந்தப் பைத்தியத்துக்கு நாம் உரிமை கொண்டாட முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். 1895-ல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் எமில் லெவஸார் 48 மணி நேரத்துக்கு மேல் ஓட்டி 1,178 கி.மீ. கடந்தார். சராசரி வேகம் மணிக்கு 24 கி.மீ. நம் அரசுப் பேருந்துக்கே அவரைப் பார்த்தால் சிரிப்பு வரும். எட்டே ஆண்டில் வேகம் நூறைத் தாண்டியது. சாலை மட்டும் மாட்டு வண்டிக் காலத்துச் சாலையாகவே இருந்தது.

1903 மே 24. பாரிஸ்–மாட்ரிட் பந்தயம். வெர்சாயிலிருந்து 200-க்கும் மேற்பட்ட வண்டிகள் கிளம்பின. கண்ணை மறைக்கும் புழுதி, தடுப்பே இல்லாமல் சாலைக்குள் இறங்கி நின்ற கூட்டம். மார்செல் ரெனோ செத்தார். அவர் சகோதரர்களோடு தொடங்கிய நிறுவனத்தின் பெயரில்தான் இன்று ஒரகடத்தில் கார் உருவாகிறது. லொரேன் பாரோவின் வண்டி மரத்தில் மோதியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் மாண்டார்கள். அரசு போர்தோவிலேயே பந்தயத்தை நிறுத்தியது. இன்ஜினை முடுக்கக்கூட அனுமதியில்லை. குதிரைகளைப் பூட்டி வண்டிகளை ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். குதிரையை ஒழிக்க வந்த இயந்திரத்துக்கு இதைவிட நல்ல மரியாதை வேறு என்ன!

இங்கிலாந்தில் அன்று பொதுச் சாலையில் பந்தயமே கூடாது. அதனால் ஹியூ லாக் கிங் என்ற பணக்காரர் 1907-ல் ப்ரூக்லாண்ட்ஸில் சாய்வான கான்கிரீட் தடம் ஒன்றைக் கட்டினார். தன் நிலத்தில், தன் பணத்தில். இந்த இரண்டு சொற்களையும் கொல்லிமலை வீரர்கள் தலைக்கவசத்தின் உள்பக்கம் எழுதி ஒட்டிக்கொள்ளலாம், தலைக்கவசம் இருந்தால். இத்தாலிக்குப் புத்தி வர 1957 ஆனது. மில்லே மில்யா பந்தயத்தில் டயர் வெடித்த ஃபெராரி ஒன்பது பார்வையாளர்களைக் கொன்றது. அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

வேகம் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போங்கள். 1950-களிலேயே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய மாநிலம் இது. இருங்காட்டுக்கோட்டையில் தடம் உண்டு, கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே உண்டு. ஆனால் அங்கே உரிமம் கேட்பார்கள், வண்டியைச் சோதிப்பார்கள், எல்லாரும் ஒரே திசையில்தான் ஓட வேண்டும். எதிரே பேருந்து வராத இடத்தில் என்ன வீரம்?

அரசுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல வழியில்லை. 2024 ஆகஸ்ட் 31-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கி.மீ. சாலையைத் தடமாக்கி, இரவைப் பகலாக்கும் விளக்கும் கான்கிரீட் தடுப்பும் வைத்து ஃபார்முலா 4 நடத்தியவர்கள் இவர்கள்தானே! சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் சான்றிதழ் வரத் தாமதமானதால் நிகழ்ச்சியே காத்துக் கிடந்தது. பயிற்சி பெற்ற ஓட்டுநர், மூடிய சாலை, அதற்கும் சான்றிதழ். நியாயம்தான். கொல்லிமலையிலோ ஆண்டு முழுக்கப் பந்தயம், திறந்த சாலை, சான்றிதழ் தேவையில்லை. விபத்து நடந்தால் இன்னொரு எச்சரிக்கைப் பலகை முளைக்கும். 'வேகம் விவேகமல்ல' என்ற பலகைக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்தி செல்ஃபி எடுப்பார்கள்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு ஆடி மாதம் விழா. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியவனுக்கு அரசு மாலை போடும். அவனாவது மனிதர்களைக் குறிவைக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. அமைச்சரின் கார் மலையேறும் நாளில் இந்தப் பந்தயம் நடந்து பார்த்தவர் யாராவது உண்டா? வளைவுக்கு வளைவு காக்கிச் சட்டை எங்கிருந்து முளைக்கிறது? அன்றைக்கு நிற்கத் தெரிந்த கால்கள் ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் காவலர்களிடம்தான் இருக்கின்றன. 108-க்குள் படுத்திருப்பவளுக்கு முன்னால் போக ஒரு சைரன் வண்டி இல்லை என்பதைத் தவிர, அவளுக்கும் அமைச்சருக்கும் அந்தச் சாலையில் வேறு என்ன வித்தியாசம் என்று மாவட்ட நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்லட்டும்.