குறும்புச் சான்றிதழ்

வகுப்பறைக்குப் புதிதாக ஒரு கருவி வந்தால், கம்பெனிக்காரர் தரும் வழவழப்பான கையேட்டை நான் புரட்டுவதில்லை. பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். அதை வைத்து அவர்கள் குறும்பு செய்ய ஆரம்பித்தால் கருவி பாஸ். ஒன்றும் செய்யவில்லையென்றால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே தலை நரைத்தவன் நான்; இந்தச் சோதனை இதுவரை பொய்த்ததில்லை.

ஒரு புண்ணியவான் எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தந்தார். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து முடித்ததும், "கலரெல்லாம் எப்படி இருக்கு பிள்ளைகளா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிள்ளைகள் மரியாதையாகக் கைதட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் மரியாதையாகக் கைதட்டினால் சாமான் தேறவில்லை என்று அர்த்தம். இப்போது அதன் ஓரத்தில் ஆசிரியர்களின் குடைகள் தொங்குகின்றன.

பிரெய்ல் கதையே வேறு. பார்பியே என்ற பிரெஞ்சு ராணுவக்காரர் 12 புள்ளியில் செய்து வைத்திருந்த முறையை லூயி பிரெய்ல் 6 புள்ளியாகக் குறைத்தபோது, 1824இல், அவருக்கு வயது 15. அவர் படித்து, பிறகு வாத்தியாராகவும் இருந்த பாரிஸ் பள்ளியிலேயே 1840களில் தலைமை மாறியதும் அதற்குத் தடை விழுந்தது. பிள்ளைகள் விட்டார்களா? ஒளித்துவைத்து எழுதினார்கள், படித்தார்கள். என் கணக்கில் பிரெய்ல் அன்றைக்கே பாஸ். பிரெஞ்சு அரசாங்கம் கையெழுத்துப் போட்டது 1854இல், மனிதர் இறந்து 2 வருடம் கழித்து. அரசாங்கம் என்றால் எல்லா ஊரிலும் அரசாங்கம்தான்.

விளக்கை அணைத்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்பது பார்வையுள்ளவர்களின் மூடநம்பிக்கை. எங்கள் விடுதி வார்டன் ஒன்பது மணிக்கு ஸ்விட்சைத் தட்டிவிட்டு நிம்மதியாகப் போவார். அதற்குப் பிறகுதான் போர்வைக்குள் வாசகசாலை திறக்கும். 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, மாலை வகுப்பில் திடீரென்று குருடாவது நான் ஒருவன்தான். பிரெய்லைக் கண்ணால் படித்துப் பழகியவன் நான். "சார், நீங்க உக்காருங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்" என்று பாடத்தை அவர்களே வாசித்து முடிப்பார்கள்.

ஸ்லேட்டில் ஸ்டைலஸால் குத்தும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால்தான் புள்ளிகள் புடைத்து நிற்கும், இடமிருந்து வலமாகப் படிக்கலாம். தமிழில் இன்னும் ஒரு வேடிக்கை: மெய்யெழுத்தின் தலையில் உட்காரும் புள்ளி, பிரெய்லில் எழுத்துக்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும். இதெல்லாம் தெரியாத மாற்று ஆசிரியர் ஒருவர், வகுப்பில் கைமாறிக்கொண்டிருந்த தாளைப் பிடித்துத் தடவிப் பார்த்து, "கணக்கா?" என்றார். "ஆமா சார், வீட்டுக்கணக்கு" என்றான் பையன். அது அவரைப் பற்றிய பாட்டு. எனக்குப் பிறகு வாசித்துக் காட்டினான். சந்தம் எங்கும் தட்டவில்லை.

1951இல் வந்த பெர்கின்ஸ் பிரெய்லர் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு. புள்ளிக்கு ஒன்றாக ஆறு விசை, நடுவில் இடைவெளி விசை. எங்கள் பள்ளிக்கு வந்த வாரத்திலேயே பின்பெஞ்சு அதில் குத்துப்பாட்டுக்குத் தாளம் போட்டது. இடைவெளி விசைதான் டோலக்காம். பாஸ்.

கம்ப்யூட்டர் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு ஒரு காலத்தில் கொடுக்க வேண்டிய விலையைக் கேட்டால் தலைமையாசிரியருக்குக் காது அடைத்துவிடும். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் என்விடிஏவைத் தொடங்கி, இலவசமாகவே கொடுத்துவிட்டார். அதில் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும், மூக்கடைத்த வெளியூர் தாசில்தார் உத்தரவு படிப்பதைப் போல. பிள்ளைகளுக்கு அது உறுத்தவில்லை. வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு பையனின் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துவிட்டு, "மிஷின் ரிப்பேராயிருக்கே, கம்ப்ளெய்ண்ட் எழுதலையா?" என்று என்னைக் கேட்டார். ரிப்பேர் எதுவும் இல்லை. எக்செல் படிக்க வேண்டிய நேரத்தில் 'பொன்னியின் செல்வன்' ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் எனக்கு ஒரு சொல் பிடிபடாத வேகத்தில். முதல் வகுப்பில் பாஸ்.

குறுக்கே விழுந்தது எழுத்துரு. மாதிரி வினாத்தாளை யாரோ ஒரு மகராசன் யூனிகோடில் அடிக்காமல் பாமினியில் அடித்து அனுப்பிவிட்டார். பார்க்கிறவர்களுக்கு அது தமிழ். கம்ப்யூட்டருக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். எழுத்தெழுத்தாக வாசிக்கவிட்டால் 'தமிழ்' என்ற சொல்லை என்விடிஏ "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று சொல்லும். நான் புலம்பிக்கொண்டிருக்க, ஒரு மாணவி எந்த விசை எந்த எழுத்து என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து, முழு வினாத்தாளையும் சொல்லிவிட்டாள். அதன்பிறகு எங்கள் தமிழய்யாவுக்கு 'செமிகோலன் அய்யா' என்று பட்டப்பெயர் நிலைத்தது. அவருக்கு இன்றுவரை காரணம் தெரியாது. தன் இலக்கணப் புலமையைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கருவிகளால் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் கிடைத்திருக்கிறது. வாட்ஸாப்பில் நம்மை விடியற்காலையில் எழுப்பும் ரோஜாப்பூவும் உதயசூரியனும் தத்துவமும் அவர்கள் போனில் பெரும்பாலும் 'போட்டோ' என்ற ஒரே சொல்லோடு முடிந்துபோகின்றன. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கடைசியாக வந்தது டெல்லி ஐஐடி உருவாக்கிய ஸ்மார்ட்கேன். சாதாரண வெள்ளைக்கோல் தரையில் உள்ளதைத்தான் சொல்லும். இது மீயொலி அலையை அனுப்பி, முழங்காலுக்கு மேலே தலைவரை எதிரே வரும் தடையையும் 3 மீட்டர் தூரத்திலேயே அறிந்து, கைப்பிடியை அதிரவைக்கும். நம் ஊர்க் கடைத்தெருவில் அது ஓய்வில்லாமல் அதிர்ந்தது. மாடு, தட்டிபோர்டு, பைக், மறுபடி மாடு. "இதுக்கு சும்மா இருக்கத் தெரியலையே சார்" என்றார்கள். மரியாதையான கைதட்டல் வந்துவிடுமோ என்று எனக்குக் கவலை.

ஒரு வாரமாக வகுப்பில் அபூர்வமான அமைதி. எவ்வளவு பூனைநடை போட்டு நுழைந்தாலும் எல்லோரும் புத்தகத்தில் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கவனித்தேன்: முதல் பெஞ்சுக்காரன் ஸ்மார்ட்கேனை மேசையோரம் சாத்தி, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான். நான் நுழைந்ததும் கைப்பிடி அதிரும்; அவன் ஒரு தரம் இருமுவான்.

அன்று சாயங்காலமே இன்னும் நான்கு கேட்டு மனு எழுதினேன். 'தேவைக்கான காரணம்' என்ற கட்டத்தில், 'மாணவர்களின் கவனத்தையும் வகுப்பறை ஒழுங்கையும் மேம்படுத்துகிறது' என்று போட்டேன். தலைமையாசிரியர் உடனே கையெழுத்திட்டுவிட்டார். தன் வகுப்புக்கும் ஒன்று வேண்டுமாம்.